பேசாப் படத்தில் பேசிய சிவாஜி

சிவாஜி என்றதும் தமிழன் மனத்தில் முதலில் வந்து நிற்பவர் கணேசன்தான். அதில் குற்றமொன்றும் இல்லை. அறிஞர் அண்ணாவின் 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் மராட்டிய மன்னராக நடித்த வி.சி.கணேசனுக்குத் தந்தை பெரியார் சூட்டிய பெயர் அது. ஆனால் மகாராஷ்டிர மண்ணில் குடியேறி, சத்திரபதியின் பெயர் தாங்கிய ரயில் நிலையத்தில் ஏறி இறங்கி வாழும் நமக்கு இன்னொரு சிவாஜியையும் தெரிந்திருக்க வேண்டும். கோலாப்பூரில் 1920-களில் எடுக்கப்பட்ட ஊமைப்படங்களின் சிவாஜி அவர். சிம்மக் குரல் கிடையாது, அடுக்குமொழி வசனம் கிடையாது. அப்படியிருந்தும் அன்றைய ஆட்சியாளரைக் கவலைப்பட வைத்தவர்.

பெயிண்டர் செய்த கேமரா

இந்தக் கதையின் நாயகர் பாபுராவ் பெயிண்டர் (1890-1954). கைவினைஞர் குடும்பத்தில் பிறந்தவர். நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதியே 'பெயிண்டர்' என்ற பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. 1913-இல் பால்கே 'ராஜா ஹரிச்சந்திரா'வைக் கொண்டுவந்தபின், பாபுராவும் அவருடைய உறவினர் ஆனந்தராவும் நாமும் படம் எடுத்தால் என்ன என்று கிளம்பினார்கள். கேமராவைத் தாங்களே செய்வது என்று முடிவு. வேலை முடியுமுன் 1916-இல் ஆனந்தராவ் இறந்துபோனார். பாபுராவ் விடவில்லை. தாம்லே முதலிய சீடர்களோடு சேர்ந்து கேமராவை முடித்து, மகாராஷ்டிரா பிலிம் கம்பெனியை நிறுவினார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் ஆதரவும் கிடைத்தது. கோலாப்பூர் அரச மரபு சிவாஜியின் வழிவந்தது என்பதையும், பன்ஹாலா கோட்டை பக்கத்திலேயே இருப்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1920-இல் அவர் எடுத்த முதல் படம் 'சைரந்திரி', பாரதக் கதை. அதைப் பாராட்டி 'சினிமா கேசரி' என்ற பட்டம் அளித்தவர் லோகமான்ய திலகர். 1890-களிலேயே சிவாஜி விழாவை அரசியல் மேடையாக்கியவரும் அவரே. அந்த அலை தெற்கேயும் வந்தது. சிவாஜி தம் படையினரிடம் பேசுவதாக நம் பாரதியார் கவிதை எழுதியது 1906-இல். ஆக, பெயிண்டர் கேமராவைத் தூக்கும்போது சிவாஜி என்ற பெயர் வெறும் சரித்திரப் பெயர் அல்ல. அந்நிய ஆட்சியைப் பற்றி, நேரே சொல்லாமல் சொல்வதற்கு ஒரு வழி.

ஏன் நேரே சொல்லக்கூடாது? 1918-இல் சினிமாட்டோகிராப் சட்டம் வந்துவிட்டது. 1921-இல் பம்பாயின் கோஹினூர் கம்பெனி எடுத்த 'பக்த விதுரர்' படத்தில், விதுரர் காந்தி குல்லாயும் கதருமாகக் காட்சி தந்தார். கராச்சியிலும் நம் சென்னை மாகாணத்திலும் படத்துக்குத் தடை விழுந்தது. புராண வேடத்திலும் காந்தியைக் காட்ட முடியாத காலம். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மன்னரைக் காட்டினால் யார் என்ன சொல்ல முடியும்?

தோழர்களின் கதையில் தலைவர்

1923-இல் 'சிம்மகட்' வந்தது. ஹரி நாராயண் ஆப்தேயின் புகழ்பெற்ற நாவலைத் தழுவிய படம். 1670 பிப்ரவரியில் கொண்டாணா கோட்டையைப் பிடிக்கப் போய் உயிர்நீத்த தானாஜி மாலுசரேயின் கதை. சிவாஜியாக நடித்தவர் பெயிண்டரே. தானாஜியின் பெரியவர் சேலார் மாமாவாக, பின்னாளில் பெரும்புகழ் பெற்ற வி.சாந்தாராம் நடித்தார். எழுதிய திரைச்சீலையை விட்டுக் கட்டிடம் போலவே அரங்கங்கள் அமைத்ததும், இரவுக் காட்சிக்குச் செயற்கை ஒளியைப் பயன்படுத்தியதும் அந்நாளில் பெரிய புதுமைகள்.

அடுத்து வந்த சரித்திரப் படங்களின் பெயர்களைக் கவனியுங்கள். 1927-இல் 'நேதாஜி பால்கர்'; சிவாஜியின் தளபதி. சாந்தாராம் இயக்கிய முதல் படம் இது. 1929-இல் பெயிண்டரின் 'பாஜி பிரபு தேஷ்பாண்டே'. 1660-இல் பன்ஹாலாவிலிருந்து சிவாஜி தப்பிச் செல்ல, மலைக்கணவாயில் நின்று மடிந்த வீரர். தலைப்பில் சிவாஜி இல்லை. தலைவருக்காக உயிர் கொடுத்தவர்களின் கதையாகவே அவர் வரலாறு சொல்லப்பட்டது. இதில் ஒரு பொருத்தம் உண்டு. கொட்டகையில் உட்கார்ந்திருந்த ஆலைத் தொழிலாளியும் குமாஸ்தாவும் தம்மைச் சிவாஜியாக எண்ணிப் பார்ப்பது கடினம். தானாஜியாக எண்ணிப் பார்க்கலாம். மகன் கல்யாணத்தைத் தள்ளிவைத்துக் கோட்டைக்குப் போனவன் என்று தானாஜியைப் பற்றி ஒரு வழக்கு உண்டு. 'நீ என்ன செய்யப் போகிறாய்?' என்று பார்ப்பவனைக் கேட்கிற கதை அது.

1924-இல் வந்த 'கல்யாண் கஜினா' வேறு வகை. கல்யாண் பொக்கிஷத்தோடு பிடிபட்டு வந்த சுபேதாரின் மருமகளை, சிவாஜி தாயாகக் கருதி மரியாதையுடன் திருப்பி அனுப்பினார் என்பது வழங்கிவரும் கதை. அந்தப் படம் லண்டன் வெம்பிளி கண்காட்சியில் பதக்கம் பெற்றது. வென்றவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற பாடத்துக்கு, பேரரசின் தலைநகரிலேயே பதக்கம்!

ஒரு சொல்லுக்கு வந்த ஆபத்து

1929-இல் சாந்தாராம், தாம்லே, பத்தேலால் முதலியோர் பிரிந்துபோய்க் கோலாப்பூரிலேயே பிரபாத் கம்பெனியைத் தொடங்கினார்கள். மறு ஆண்டு சாந்தாராமே சிவாஜியாக நடித்து ஒரு படம் எடுத்தார். முதலில் வைத்த பெயர் 'சுவராஜ்ய தோரண்'. தோரணம் என்ற சொல் நமக்கும் சொந்தம்தானே. சுயராஜ்யத்துக்குக் கட்டிய தோரணம். 1930 உப்புச் சத்தியாக்கிரக ஆண்டு. 'சுவராஜ்யம்' என்ற சொல்லைத் தணிக்கையாளர்கள் ஏற்கவில்லை. பெயர் 'உதயகால்' என்று மாறியது. சிவாஜியைக் காட்டலாம், வாளைக் காட்டலாம், கோட்டை பிடிப்பதைக் காட்டலாம். அந்த ஒரு சொல் மட்டும் கூடாது. ஊமைப்படத்துக்கே வாய்ப்பூட்டு போட்ட கதை இது! பூட்டியும் பயனில்லை. உதயம் எதற்கு என்று கொட்டகையில் இருந்தவனுக்குத் தெரியாதா?

ஊமைப்படத்தின் பலமே அதுதான். மராத்தி தெரியாதவனும் பார்க்கலாம், எழுத்தறியாதவனும் பார்க்கலாம். திரை சொல்லாததை அவனவன் தன் மொழியில் சொல்லிக்கொள்வான்.

வரலாறும் நாவலும்

இந்தப் படங்களை வரலாற்று ஆவணமாகக் கொள்ளக்கூடாது. 'சிம்மகட்' நாவலிலிருந்து பிறந்தது. தானாஜி என்ற சிங்கம் மாண்டதால்தான் கோட்டைக்குச் சிம்மகட் என்று பெயர் வந்தது என்பது மக்கள் நம்பிக்கை. ஆனால் அவர் இறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே அந்தப் பெயர் வழங்கியதைப் பழைய கடிதங்கள் காட்டுகின்றன. நம் பக்கத்துக்கும் சிவாஜிக்கும் இருந்த உறவு இந்தப் படங்களின் பொருளாகவில்லை. 1677-இல் அவர் செஞ்சிக் கோட்டையைப் பிடித்ததும், அவருடைய மாற்றாந்தாய் வழித் தம்பி ஏகோஜி தஞ்சையில் மராட்டிய அரசை நிறுவியதும் நம் சரித்திரத்தின் பகுதிகள். 1920-களின் கோலாப்பூருக்குத் தேவைப்பட்டவர் வேறொரு சிவாஜி: சிறு படையோடு பேரரசை எதிர்த்து நின்றவர். அவரையே எடுத்துக்கொண்டார்கள்.

இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊமைப்படங்கள் எடுக்கப்பட்டன. எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் சுருளில் எடுத்தவை. எரிந்தும் மக்கியும் போய், மிகச் சிலவே எஞ்சின. அவற்றின் விளம்பரத் தாள், புகைப்படம் போன்ற துண்டுகள்தான் இன்று வரலாற்றாசிரியனுக்குக் கைவிளக்கு. நம் அன்பர்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்துத் தகரப்பெட்டி இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் போடுமுன் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. அன்று திரையில் சிவாஜி பேசவில்லை. பார்த்தவர்கள் தங்கள் விடுதலை ஆசையை அவர் வாயில் வைத்தார்கள். இன்று அவர் பெயரால் பேசுவோர் பலர், ஒவ்வொருவருக்கும் ஒரு சிவாஜி. எந்தச் சிவாஜியைக் கேட்டாலும், அந்தப் பேச்சு அவருடையதா, பேசுகிறவருடையதா என்று பிரித்துப் பார்க்கும் நிதானம் நமக்கு வேண்டும். குடியேறிய மண்ணின் வரலாற்றுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவே.