துண்டு போட்ட நிரல்

என் நாவலில் ஓர் அத்தியாயம் மிதமிஞ்சி நீண்டு, எழுதிய எனக்கே காடாகிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் எட்சாக் கணிப்பொறியைப் பற்றிப் படித்தேன். அது 1949 மே 6-ந் தேதி ஓடத் தொடங்கியது. அதைக் கட்டிய மாரிஸ் வில்க்ஸே அவ்வாண்டு ஒரு நிரல் எழுதினார். 126 வரி; பிழைகளோ சுமார் இருபது! எஞ்சிய ஆயுளில் பெரும்பகுதி தம் பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்று மாடிப்படியில் அவருக்கு உறைத்ததாம்.

அங்கே ஆராய்ச்சி மாணவராயிருந்த டேவிட் வீலர் ஒரு வழி செய்தார். வர்க்கமூலம் காண்பது போல அடிக்கடி வரும் வேலையைத் தனித் துண்டாக எழுதி வைப்பது. முதன்மை நிரல் அதைக் கூப்பிடும்போதே திரும்பி வரவேண்டிய இடத்தையும் சொல்லி அனுப்பும். துண்டு தன் இறுதிக் கட்டளையை அதற்கேற்ப மாற்றிக்கொண்டு, வேலை முடிந்ததும் அங்கேயே மீளும். 1951-ல் இத்தகைய 87 துண்டுகள், காகித நாடாவில் துளையிடப்பட்டு, இரும்பு அலமாரியில் இருந்தன.

1952-ல் வீலர் ஒன்று சொன்னார்: துண்டுகளை எழுதிச் சோதித்த பிறகும், உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாதவர் கையாளும்படி விவரித்து எழுதும் வேலை பாக்கி, ஒருவேளை அதுவே மிகக் கடினம்.

நான் என் அத்தியாயத்தை மூன்றாகப் பிரித்தேன். பிரிக்க ஒரு மாலை போதும். தலைப்பு வைக்கத்தான் இரண்டு நாள் பிடித்தது.