களரியும் கதிரையும்: நகர்ச் சுவைஞனின் தோற்றம் பற்றிய ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழ் நாடக வரலாற்றை எழுதுவோர், மட்டக்களப்புக் கூத்து 1960களில் அழிவிலிருந்து மீட்கப்பட்டது என்று கூறுவது வழக்கமாகிவிட்டது. மீட்டவர் யார் என்பதிற் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்திற் சு. வித்தியானந்தன் தயாரித்த கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் (1964), வாலிவதை (1968) ஆகியன அதற்குச் சான்றாகக் காட்டப்படும். ஆயின், யாருக்காக மீட்கப்பட்டது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. மண்டபத்துக் கதிரையில் அமர்ந்து கூத்தை நுகர்ந்து, அது பற்றிய நூலையும் வாங்கிப் படிக்கும் நகர்வாசி இயற்கையாக முளைத்தவன் அல்லன். அவன் ஒரு வரலாற்றுப் படைப்பு. அவனைப் படைத்த சக்திகளை இனங்காண்பதே நமது நோக்கமாகும்.

இதனைக் கல்குடாவிலிருந்து தொடங்குவதற்குக் காரணமுண்டு. 1928இல் மட்டக்களப்புக்குப் புகையிரதப் பாதை வந்தபோது, வாழைச்சேனையும் கல்குடாவும் கொழும்போடு நேரே இணைந்தன. வயலும் வாவியும் கடலும் சூழ்ந்த இப்பிரதேசத்திலிருந்து நெல் வெளியே சென்றது. எழுதுவினைஞரும் ஆசிரியருமாகப் படித்த இளைஞரும் சென்றனர். எதிர்த்திசையில் வந்தவற்றுள் தமிழகத்துச் சஞ்சிகைகளும் அடங்கும். 1956இல் வாழைச்சேனைக் கடதாசி ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அதன் மூலப்பொருள்களுள் வைக்கோல் முக்கியமானது. கூத்தாடிய உழவனின் வயலில் எஞ்சிய தாள், அவன் வாசிக்காத ஏடுகளுக்குக் கடதாசியாயிற்று என்று கூறின் அது வெறும் அணியன்று.

கிராமத்திற் கூத்துப் பார்த்தல் என்பது எத்தகைய செயலாயிருந்தது? அண்ணாவியார் ஆட்டக்காரருக்குப் பாத்திரங்களைப் பகிர்ந்து பாடல்களை வழங்கும் சட்டங்கொடுத்தலில் தொடங்கி, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் எனப் பல படிகளைக் கடந்தே கூத்து அரங்கேற்றத்தை அடையும். இதற்கு மாதக் கணக்காகும். அதன் பின்னரும் வீட்டுக்கு வீடு ஆடும் வழக்கமுண்டு. எனவே, வட்டக்களரியைச் சுற்றி விடியும்வரை அமர்ந்திருந்தவர் முன்பின் அறியாத ஒரு நாடகத்தைக் காண வந்தவரல்லர். பாட்டு அவர்களுக்குத் தெரியும். ஆடுபவன் மகனோ மருமகனோ ஆவான். மத்தளத்தோடு கால் பிசகினால் அவ்விடத்திலேயே அது பேச்சாகும். பார்வையாளரே புரவலரும் உறவினரும் திறனாய்வாளருமாயிருந்தனர். கிரேக்க நாடகத்தை இனக்குழுச் சடங்குகளோடு இணைத்து ஜோர்ஜ் தொம்சன் ஆராய்ந்த முறையும், அவரிடம் பயின்ற கார்த்திகேசு சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்து நாடகத்தை ஆராய்ந்த முறையும் நமக்கு இவ்விடத்தில் வழிகாட்டுகின்றன.

எனினும், இதனைப் பொற்காலமாகக் கொள்வது நேர்மையாகாது. களரி ஒரு சமத்துவ வெளியன்று. எவருக்கு முதல் மரியாதை என்பதனைக் கோயிலும் குடிமுறையும் சாதியும் தீர்மானித்தன. பெண் பாத்திரங்களை ஆடவரே ஆடினர். பழமையைப் போற்றும் நம் அன்பர் சிலர் இவற்றை விரைவாகக் கடந்து செல்வர்.

1956ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறிய அவ்வாண்டிலேயே எதிரிவீர சரச்சந்திரவின் மனமே கொழும்பில் மேடையேறியது. தமிழ்க் கூத்தோடு உறவுடைய நாடகம மரபை அவர் நவீன அரங்குக்குக் கொணர்ந்தமை, தமிழ்ப் படித்த வர்க்கத்தினரைத் தம் மரபை நோக்கித் திரும்பச் செய்தது. மொழியுரிமை பறிபோன மத்தியதர வர்க்கத்துக்கு ஓர் அடையாளம் தேவைப்பட்டது. வித்தியானந்தனின் பணியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. கிராமிய ஆட்டம் என்று இகழப்பட்ட ஒன்றைப் பல்கலைக்கழகத்திற் பயில வைத்தவர் அவர். ஆனால், ஓர் இரவு முழுவதும் ஆடப்பட்டது ஓரிரு மணி நேரத்துக்குச் சுருங்கியது. வட்டக்களரி ஒருபக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடையாயிற்று. கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய, மறுநாட் காலை அலுவலகம் செல்லவேண்டிய ஒருவனின் நேரம் கூத்தின் வடிவத்தை மாற்றியது. கலையியற் சீர்மை என்று விளக்கப்பட்டவற்றுட் சில, சம்பள உழைப்பின் நேர அட்டவணையால் விளைந்தவை என்பது மனங்கொள்ளத்தக்கது.

இம்மாற்றம் இழப்பு மட்டுமன்று. பல்கலைக்கழக மேடையில் மாணவியரும் ஆடினர். மண்டபத்தில் நுழைவுச்சீட்டுப் பெற்றவன் எச்சாதியினனாயினும் அமரலாம். காசு வேறு வகையில் வரிசை பிரிக்கும் என்பது உண்மையே. மட்டக்களப்பைச் சேர்ந்த சி. மௌனகுருவின் சங்காரம் (1969) வடமோடி ஆட்டத்தைக் கொண்டே வர்க்கப் போராட்டத்தைச் சொல்லிற்று. ஊர்க்களரியில், ஊர்ப் பெரியோர் முன்னிலையில், அது அவ்வாண்டில் அரங்கேறியிருக்குமா என்பது ஐயத்துக்குரியது. நகர் அறியாத ஒரு சுதந்திரத்தைக் கிராமம் வைத்திருந்ததுபோலவே, கிராமம் தராத ஒன்றை நகரும் தந்தது.

நூலின் கதையும் இதனோடு ஒட்டியதே. வித்தியானந்தன் 1962இல் அலங்காரரூபன் நாடகத்தைப் பதிப்பித்தார். வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் 1964இல் வெளிவந்தது. அண்ணாவியாரின் கையெழுத்துக் கொப்பியில் அடைந்து கிடந்தது நகர்வாசியின் அலுமாரிக்கு வந்தது. 1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது உள்ளூர் வெளியீடுகளுக்கு வாய்ப்புப் பெருகியது. 1966இல் தொடங்கிய மல்லிகை போன்ற இதழ்கள் ஊன்றி நின்றன; வீரகேசரிப் பிரசுர நாவல்கள் 1972 முதல் பரவின. 1977இன் திறந்த பொருளாதாரம் இப்போக்கினைத் தளர்த்தியது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. நகரின் வாசிப்பும் எத்துணைப் பாதுகாப்பற்றது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆயினும், அச்சிட்ட கூத்து நூல் ஓர் அரைநூல். விருத்தமும் தருவும் அதிலுண்டு. தாளக்கட்டு ஓரளவு எழுத்திலும் வரலாம். மத்தள அடியும் ஆட்ட வேகமும் அதில் இல்லை. நகர்வாசி அதனைக் காவியம்போல் வாசித்து, இலக்கியத் தரம் குறைவென முடிவுகட்டுவான். சீலாமுனையிற் சி. ஜெயசங்கரும் அவ்வூர்க் கூத்தரும் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கம், கூத்தைக் களரியிலேயே வைத்து அதன் பால், சாதிப் பாகுபாடுகளை அவ்வூர் மக்களே விவாதிக்குமாறு செய்தது. செம்மையாக்கமா மீளுருவாக்கமா என்னும் விவாதம் பெரும்பாலும் வடிவம் பற்றியதாகவே நடைபெறுகிறது. கூத்தைப் பற்றி முடிவுசெய்யும் உரிமை எவருடையது என்பதே அதன் உள்ளீடு என்பது நமது கருத்து.

கல்குடாப் பகுதிக் களரியொன்றில் நாம் ஓரிரவு அமர்ந்திருந்தோம். நள்ளிரவு கடந்ததும் நம் கை தானாகவே கைக்கடிகாரத்தை நாடியது. அருகிலிருந்த முதியவர் அதனைக் கண்டு, கூத்து முடிய இன்னும் எவ்வளவு நேரமாகும் என்று சொல்லவில்லை. அடுத்து வரவிருப்பவன் யாருடைய மகன், அவனுக்கு எந்த அடி இன்னும் சரிவரவில்லை என்பதையே சொன்னார். அவன் வந்தான், அந்த அடியிலேயே தடுமாறினான். முதியவர் நம் பக்கம் திரும்பி, தம் விரலால் நம் முழங்காலில் அத்தாளத்தைத் தட்டிக் காட்டினார்.