கடல்வாழ் முதுகெலும்பிலிகளின் மரபணுத்தொகுதி வரிசையாக்கம்: தரவின் தரம்

கடல்வாழ் முதுகெலும்பிலி ஒன்றின் மரபணுத்தொகுதி என்று தரவுத்தளத்தில் இருப்பது, பெரும்பாலும் ஒரே உயிரியின் டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாகப் படித்துக் கணினியில் கோத்த வரிசைதான். இந்தக் கோவையின் தரத்தை என்50 என்ற அளவால் குறிப்பது வழக்கம்: மொத்த நீளத்தில் பாதியாவது அந்த அளவுள்ள, அல்லது அதைவிட நீண்ட துண்டுகளில் அடங்கியிருக்கும். துண்டுகள் நீளமானவையா என்பதை இது காட்டுமே தவிர, சரியாகக் கோக்கப்பட்டவையா என்பதைக் காட்டாது. கடல் உயிரிகளில் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. தாய்வழி, தந்தைவழிப் பிரதிகளுக்கிடையே மனிதரில் ஏறத்தாழ ஆயிரம் எழுத்துக்கு ஒன்றுதான் மாறுபடும். 2006இல் வெளியான ஊதாக் கடல் முள்ளெலியின் தொகுதியிலோ நூற்றுக்கு நான்கைந்து. இவ்வளவு விலகிய பிரதிகளைக் கோக்கும் மென்பொருள், ஒரே மரபணுவை இரண்டாக எண்ணிவிடுகிறது. பசிபிக் சிப்பியில் இதைத் தணிக்க, நான்கு தலைமுறை உடன்பிறப்புக் கலப்பில் பிறந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தும் வேறுபாடு போதிய அளவு குறையவில்லை. 2012இல் 28,027 மரபணுக்களுடன் வெளியான அத்தொகுதியின் என்50 நாலு லட்சம் எழுத்து. ஆயினும் 2015இல் மரபுப்பிணைப்பு வரைபடத்தோடு ஒப்பிட்டபோது, வெவ்வேறு குரோமோசோம்களுக்கு உரிய பகுதிகள் ஒரே துண்டில் ஒட்டியிருந்தது தெரிந்தது. 2021இல்தான் பத்துக் குரோமோசோம்களாக அது ஒழுங்குபட்டது.

நீண்ட வாசிப்புத் தொழில்நுட்பம் வந்தபின் இதெல்லாம் பழங்கதை என்பார்கள். பாதி உண்மை: இரு பிரதிகளையும் பிரித்தே கோக்க இப்போது முடிகிறது. ஆனால் ஓர் உயிரியை எவ்வளவு துல்லியமாகப் படித்தாலும் அது இனம் முழுவதையும் குறிக்காது. மத்தியதரைக் கடல் மட்டியில் 60,338 மரபணுக்களைக் கண்ட 2020ஆம் ஆண்டு ஆய்வு, அவற்றில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சில மட்டிகளில் இல்லவே இல்லை என்றும் காட்டியது. ஏறத்தாழ எல்லா விலங்குகளிலும் இருக்கவேண்டிய மரபணுக்களை எண்ணிப் பார்க்கும் பஸ்கோ சோதனை போதாதா என்றால், அது எளிதில் சிக்கும் மரபணுக்களைத்தான் எண்ணுகிறது. ஓய்க்கோப்ளூரா என்ற சிறு கடல்வாழ் முதுகெலும்பிலி போன்ற உயிரிகள் பழைய மரபணுக்கள் பலவற்றைப் பரிணாமத்தில் உண்மையாகவே இழந்தவை. அவற்றின் குறைந்த மதிப்பெண்ணைக் கோவையின் குறையென்று தள்ளிவிடக் கூடாது. உடன்வாழ் உயிரிகளின் டி.என்.ஏ. கலப்பதோ வேறு தொல்லை. பவள உயிரணுக்களுக்குள்ளேயே பாசி வாழ்வதால், 2011இல் அக்ரோபோரா டிஜிட்டிஃபெரா என்ற பவளத்தை ஆராய்ந்த ஜப்பானியக் குழு, பாசியில்லாத விந்தணுக்களிலிருந்தே டி.என்.ஏ.வை எடுத்தது. அப்படித் தூய திசு கிடைக்காத கடற்பஞ்சுகளில் பாக்டீரிய வரிசைகளைப் பின்னர் கணினியில்தான் களைகிறார்கள். இந்த வடிகட்டல் கடுமையானால் விலங்கின் சொந்த மரபணுவும் போய்விடும், தளர்ந்தால் பாக்டீரிய மரபணு விலங்குடையதாகப் பதிவாகிவிடும்.