கதைக் கேமா, அடிபாட்டுக் கேமா? ஒரு பழைய வாக்குவாதமும் எங்கட வெறும் வீடுகளும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. இப்ப நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்துவிட்டு ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குள் இப்போது ஓயாமல் நடக்கும் வாக்குவாதம் ஒன்று இருக்கிறது. ரியூசன் வாசலிலும் மைதானத்து மதிலிலும் அதைத்தான் கேட்கிறேன். ஒரு பகுதி, "கதையுள்ள கேம்தான் கேம், மற்றதெல்லாம் சும்மா சுடுறது" என்கிறது. மற்றப் பகுதி, "கதை வேணுமெண்டால் படம் பார்க்கலாம்தானே, கேமில அடிபாடுதான் வேணும்" என்கிறது. பெற்றோருக்கு இரண்டும் ஒன்றுதான். "போனைக் கீழ வை" என்பதோடு அவர்களின் தீர்ப்பு முடிந்துவிடும்.

நான் வரலாறு படிப்பிக்கிறவன். ஒரு சண்டையைக் கண்டால் அது எப்போது தொடங்கியது என்று தேடிப் பார்க்கும் பழக்கம் எனக்குண்டு. தேடிப் பார்த்தால், இது எங்கள் பிள்ளைகளின் வாப்பாமார் பிறக்கும் முன்பே தொடங்கிய சண்டை.

1962 இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி நிறுவனத்தில் ஸ்டீவ் ரசல் என்பவரும் நண்பர்களும் 'ஸ்பேஸ்வோர்' என்ற கேமை உருவாக்கினார்கள். ஓர் அலுமாரி அளவு கணினி, திரையில் இரண்டு விண்கலங்கள், ஒன்றையொன்று சுட வேண்டும். கதை என்று ஒன்றுமில்லை. அடிபாட்டுக் கேம்களின் பரம்பரை அங்கிருந்து வருகிறது.

1976 அளவில் வில் க்ரவுதர் என்ற கணினி நிபுணர் வேறொரு வழியில் போனார். அவர் குகைகளுக்குள் இறங்கி வரைபடம் எடுப்பவர். விவாகரத்தாகிப் பிரிந்திருந்த காலத்தில், தன் இரண்டு மகள்மாரும் விளையாடுவதற்காக ஒரு குகைப் பயணத்தைக் கணினியில் எழுதினார். படமே கிடையாது, எல்லாம் எழுத்து. "நீ ஒரு வீதியின் முடிவில் நிற்கிறாய்" என்பதுபோல் கணினி சொல்லும். எங்கே போக வேண்டும், எதை எடுக்க வேண்டும் என்று பிள்ளை தட்டெழுத வேண்டும். அடுத்த வருடம் டொன் வுட்ஸ் என்பவர் அதைப் பெருப்பித்தார். கதைக் கேம்களின் மூத்தம்மா அதுதான்.

இரண்டு பரம்பரையும் நேருக்கு நேர் நின்ற வருடம் 1993. அந்த செப்டெம்பரில் 'மிஸ்ட்' வந்தது. ஆளில்லாத ஒரு தீவில் நீங்கள் தனியே நடக்கிறீர்கள். துப்பாக்கியும் இல்லை, அவசரமும் இல்லை. அங்கு என்ன நடந்தது என்பதைப் புத்தகங்களையும் பொறிகளையும் பார்த்து நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். டிசெம்பர் 10 ஆம் திகதி 'டூம்' வந்தது. அதில் ஓட்டமும் சூடும்தான்.

டூம் உருவான கதை எங்கள் பிள்ளைகளின் வாக்குவாதத்தின் அசல். டொம் ஹோல் என்பவர் அந்தக் கேமுக்காகப் பாத்திரங்கள், இடங்கள், சம்பவங்கள் எல்லாவற்றையும் வைத்து ஒரு பெரிய ஆவணம் எழுதினார். அதே குழுவின் நிரலாளர் ஜோன் கார்மாக்குக்கு இந்த வகைக் கேமில் கதை பெரிய விடயமல்ல, வேகம்தான் முக்கியம். ஹோல் எழுதியதில் பெரும்பகுதி கைவிடப்பட்டது. கேம் வெளிவரும் முன்பே அவர் அந்த நிறுவனத்தை விட்டுப் போனார். டூம் உலகத்தையே பிடித்துக்கொண்டது. ஆனால் மிஸ்டும் தோற்கவில்லை. பல வருடங்கள் உலகில் அதிகம் விற்பனையான கணினிக் கேம் என்ற பெயர் அதற்கே இருந்தது. 1998 இல் 'ஹாஃப்-லைஃப்' வந்து, ஓடிக்கொண்டும் சுட்டுக்கொண்டும் இருக்கும்போதே கதையையும் சொல்லலாம் என்று காட்டியது. இன்றைய பெரிய கேம்கள் பலவற்றில் இரண்டு பரம்பரையின் இரத்தமும் ஓடுகிறது.

இதெல்லாம் அங்கே. அதே 1993 இல் இங்கே என்ன?

யாழ்ப்பாணத்தில் 1990 இல் போன கரண்ட் திரும்பி வரவில்லை. மண்ணெண்ணெய் தட்டுப்பாட்டால் பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் ரேடியோ கேட்டார்கள். எங்கள் சனம் அந்த இருட்டுக்குள்ளும் இல்லை. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசம் தந்து யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அந்த ஒக்டோபரில் வடக்கு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் வெளியேறினார்கள். 1993 இல் நாங்கள் புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் இருந்தோம். நான் பிறந்ததும் அப்படியொரு கொட்டிலில்தான்.

ஐந்து வருடம் கழித்து, அதே ஒக்டோபர் 30 ஆம் திகதி, 1995 இல், வலிகாமத்துச் சனம் இலட்சக்கணக்கில் வீடுகளை விட்டு நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தது. திகதி ஒன்றாக வந்தது தற்செயல். வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு போனதில் இரு சமூகமும் ஒன்று. 2002 இலும் 2009 க்குப் பிறகும் திரும்பி வந்து பார்த்தவர்கள் கண்டதும் ஒன்றுதான். கூரை இல்லை, கதவு நிலை இல்லை, குசினிக்குள் மரம் வளர்ந்திருந்தது.

கேமைப் பற்றிச் சொல்ல வந்தவர் ஏன் வீட்டுக்குப் போய்விட்டார் என்று யோசிக்காதீர்கள். இன்றைக்கு எங்கள் பிள்ளைகள் அதிகம் விளையாடும் பப்ஜியையும் பிரீ பயரையும் பக்கத்தில் இருந்து ஒருமுறை பாருங்கள். பப்ஜியின் முதல் வரைபடத்தின் பெயர் எரங்கல். அதை வடிவமைத்த அயர்லாந்துக்காரர் பிரெண்டன் கிரீன் தன் மகளின் பெயரிலிருந்து அந்தப் பெயரை எடுத்தார். நூறு பேர் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்கிறார்கள். தீவு முழுவதும் வீடுகள், பாடசாலை, வைத்தியசாலை. ஒன்றிலும் ஆளில்லை. பிள்ளை செய்யும் முதல் வேலை, யாரோ ஒருவரின் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போய், கிடப்பதை எடுப்பது. எவ்வளவு வேகமாக எடுக்கிறானோ அவ்வளவு கெட்டிக்காரன். அந்த வீட்டில் இருந்தவர்கள் யார், எங்கே போனார்கள் என்று கேம் கேட்காது. கேட்டுக்கொண்டு நின்றால் பிள்ளை செத்துப்போவான்.

இதே செயலை இன்னொரு கேமும் செய்யச் சொல்கிறது. 2014 நவம்பரில் போலந்தின் 11 பிட் ஸ்டூடியோஸ் வெளியிட்ட 'திஸ் வோர் ஒப் மைன்'. பொஸ்னியாவின் சரயேவோ நகரம் 1992 ஏப்ரல் முதல் 1996 பெப்ரவரி வரை முற்றுகைக்குள் கிடந்தது. அந்த அனுபவத்திலிருந்து பிறந்த கேம் இது. இதில் நீங்கள் படைவீரன் அல்ல. உடைந்த வீடொன்றில் ஒதுங்கியிருக்கும் மூன்று நான்கு சாதாரண சனம். பகலில் வெளியே தலைகாட்ட முடியாது, குறிபார்த்துச் சுடுவார்கள். வீட்டுக்குள் அடுப்புச் செய்ய வேண்டும், மழைத்தண்ணீர் சேர்க்க வேண்டும், குளிருக்கு எரிக்க ஒன்றும் இல்லாவிட்டால் புத்தகங்களை எரிக்க வேண்டும். இரவில் ஒருவர் மட்டும் வெளியே போய்ச் சாமான் தேடி வர வேண்டும். சண்டை எப்போது நிற்கும் என்று உங்களுக்குத் தெரியாது. எங்கள் பெரியவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அதில் ஓர் இரவு நீங்கள் போகக்கூடிய வீடொன்றில் வயதான கணவனும் மனைவியும் இருக்கிறார்கள். சாப்பாடும் மருந்தும் வைத்திருக்கிறார்கள். உங்களைத் தடுக்கும் பலம் அவர்களுக்கு இல்லை. எடுக்கலாம், கேம் தடுக்காது. ஆனால் எடுத்துக்கொண்டு திரும்பினால் உங்கள் ஆள் இடிந்துபோவான். கூட இருப்பவர்களும் சோர்ந்துபோவார்கள். வயிறு நிறைந்திருக்கும், வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் இருக்கும்.

இரண்டு கேமிலும் பிள்ளையின் விரல் செய்வது ஒரே வேலை. அடுத்தவன் வீட்டுக்குள் போய்ச் சாமானை எடுப்பது. ஒன்றில் வீடு வெறும் வீடு. மற்றதில் வீட்டுக்குச் சொந்தக்காரன் இருக்கிறான். எனக்குத் தெரிந்த மட்டில் கதைக்கும் அடிபாட்டுக்கும் இடையிலான வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. நீளமான வசனமும் இடையிடையே வரும் படக்காட்சியும் கதை ஆகிவிடாது. நீ யாராக இருக்கிறாய், எதிரில் இருப்பவனும் ஒரு மனிசனா என்பதே கதை.

இதற்காக அடிபாட்டுக் கேமை ஹராமாக்க நான் வரவில்லை. கிளித்தட்டில் என்ன கதை இருந்தது? மறிக்க வேண்டும், ஏய்த்து ஓட வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் நாலு தலைமுறை அதில் வியர்த்தது. கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்வது, குழுவாக நிற்பது, தோற்றுவிட்டுத் திரும்ப வருவது எல்லாம் பப்ஜியிலும் உண்டு. "சுடுகிற கேம் விளையாடினால் பிள்ளை கொலைகாரன் ஆவான்" என்று பயப்படும் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்க உளவியல் சங்கம் 2020 இல் தன் நிலைப்பாட்டை மறுபடி வெளியிட்டது. இந்தக் கேம்களுக்கும் கத்துதல், தள்ளுதல் போன்ற முரட்டுத்தனத்துக்கும் சிறிய தொடர்பு இருக்கிறது, ஆனால் கொடிய வன்முறைக்கு இவைதான் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்பதே அதன் சாரம். நித்திரை கெடுவதும் பாடம் தவறுவதும் டேட்டாவுக்குக் காசு கரைவதும் வேறு பிரச்சினைகள். அவற்றை நேரக் கட்டுப்பாட்டால் கையாளலாம்.

என் கவலை வேறு. கூரை இல்லாத வீடுகளைத் தாண்டிப் பாடசாலைக்கு வரும் பிள்ளைக்கு, வெறும் வீடு என்றால் துப்பாக்கி கிடக்கும் இடம் என்ற படம் மட்டும்தான் மனதில் இருக்குமானால், அது அந்தப் பிள்ளையின் பிழை இல்லை. நாங்கள் அவனுக்கு வேறு படம் கொடுக்கவில்லை. வீட்டில் இந்தக் கதை வந்தால் "அதை விடுங்கோ, பழசு" என்று வாயை மூடுகிறோம். பெரியவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிப் போகிறார்கள்.

போலந்து என்ன செய்தது தெரியுமா? 2020 இல் திஸ் வோர் ஒப் மைன் கேமை மேல்நிலை மாணவர்களுக்கான விருப்ப வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அதன் அரசாங்கம் அறிவித்தது. நாவலுக்குப் பக்கத்தில் ஒரு கேம்! யுத்தத்தைத் துப்பாக்கி பிடித்தவன் கண்ணால் மட்டும் பார்க்கக்கூடாது, பட்டினி கிடந்தவன் கண்ணாலும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எது? சின்னப் பிள்ளைகளுக்கான கேம் அல்ல அது, உயர்தரம் தாண்டிய பிள்ளைகளுக்கே ஏற்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"இதெல்லாம் பெரிய நாட்டுக்காரன் செய்யிற வேலை சேர்" என்று ஒரு மாணவன் சொன்னான். அவனுக்கு நான் சொன்னது 'வெண்பா'. 2023 ஜூலை 31 ஆம் திகதி வெளிவந்தது. ரொறன்ரோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறிய குழு செய்தது. தமிழ்நாட்டிலிருந்து 1980களில் கனடா போன ஒரு குடும்பம். தாயின் பெயர் வெண்பா, தகப்பன் பாவலன், மகன் கவின். அம்மா கொடுத்த சமையல் கொப்பி கிழிந்து, மை கரைந்து கிடக்கிறது. இல்லாத வரிகளை ஊகித்து இட்லியும் புட்டும் அவிக்க வேண்டும். இடையில் மகன் மொழியை விட்டு விலகிப்போகிறான். ஒரு வெடிச்சத்தம் இல்லை. ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். 2024 இல் பிரித்தானியாவின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுகக் கேம் விருது அதற்குக் கிடைத்தது. புட்டுக்குழலை வைத்து உலகத்தை அழவைக்கலாம் என்றால் எங்கள் திறப்புக் கோர்வைக்கு எவ்வளவு கதை இருக்கும்?

இனி நான் கேட்க வந்தது.

க்ரவுதர் தன் மகள்மாருக்குச் செய்ததுபோல் எழுத்தால் மட்டும் ஆன கேம் செய்வதற்கு இன்று பெரிய கணினி தேவையில்லை. 'ட்வைன்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. தமிழில் எழுதலாம். ஒரு பந்தி எழுதி, கீழே இரண்டு தெரிவு வைத்து, ஒவ்வொரு தெரிவையும் இன்னொரு பந்தியோடு இணைக்க வேண்டும். சாதாரண தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளை ஒரு வாரத்தில் பழகிவிடுவான். அடுத்த தவணை விடுமுறையில் பத்துப் பிள்ளைகளோடு இதைச் செய்யலாம் என்றிருக்கிறேன். கதைக் கட்சியும் வரலாம், அடிபாட்டுக் கட்சியும் வரலாம். தமிழ்ப் பிள்ளைகளும் வர வேண்டும். 1995 அவர்களுடையது.

கேமின் முதல் பந்தி இப்படி இருக்கும்: 1990 ஒக்டோபர் 30. உனக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது. கையில் ஒரு பை. வீட்டில் உம்மா, வாப்பா, கைக்குழந்தை, நடக்க முடியாத மூத்தம்மா. எதை எடுப்பாய்?

தெரிவுகளை நான் கற்பனை செய்ய விரும்பவில்லை. உங்கள் வீட்டிலிருந்து வர வேண்டும். இன்றிரவு உம்மாவிடமோ வாப்பாவிடமோ, பக்கத்து வீட்டு ஐயாவிடமோ கேளுங்கள். எதை எடுத்தீர்கள், எதை விட்டுவிட்டு வந்தீர்கள் என்று. குர்ஆனா, காணி உறுதியா, பிறப்புச் சான்றிதழா, பால்மா ரின்னா. அவர்கள் சொல்வதை அவர்களின் வாய்ச்சொல்லிலேயே கீழே எழுதுங்கள். பெயர் போட விருப்பமில்லாதவர்கள் எனக்குத் தனியாக அனுப்புங்கள். போனை வைத்திருக்கும் பிள்ளையையே பக்கத்தில் இருத்தி எழுத வையுங்கள்.

வஸ்ஸலாம்.