நீதிபதிகளின் கோப்பு யார் மேசையில்?

சென்னை உயர் நீதிமன்றத்தில் மத்திய அரசின் பேனலில் பல ஆண்டுகள் வாதாடியவள் நான். எதிரே யார் நின்றாலும் என் கட்சிக்காரர் ஒருவர்தான்: இந்திய ஒன்றியம். அரசியல் சட்டத்தின் 300ஆம் பிரிவு தந்த பெயர் அது. இந்தக் கட்சிக்காரருக்கு முகம் கிடையாது. கோப்பாகத்தான் வருவார். வலப்பக்கம் கடிதங்கள், இடப்பக்கம் பச்சை நோட் ஷீட், இரண்டையும் சேர்த்துக் கட்டிய டேக். மனுவுக்கு அமைச்சகம் எழுதிய பத்திவாரிக் குறிப்புகளை வைத்துக் கவுண்டர் தயாரிக்க வேண்டும். ஆனால் நான் முதலில் தேடுவது சட்ட விவகாரத் துறையின் குறிப்பை. பச்சைத் தாளில் நாலைந்து வரிதான் இருக்கும். ‘இந்த ஆணை நீதிமன்றத்தில் நிற்காது’ என்று அங்கே ஓர் அதிகாரி முன்பே எழுதிவைத்திருப்பார். அடுத்த பக்கத்தில் அமைச்சகம் அதே ஆணையைப் பிறப்பித்திருக்கும். அதைக் காப்பாற்றத்தான் நான் கவுன் மாட்டிக்கொண்டு நிற்பேன்.

அரசுக்கு உள்ளேயே உட்கார்ந்து ‘இதைச் செய்யாதே’ என்று சொல்ல ஒரு நாற்காலி வேண்டும். அந்த நாற்காலியை எங்கே போடுவது என்பதுதான் நம் சட்ட அமைச்சகத்தின் வரலாறே என்று நினைக்கிறேன்.

அந்த நாற்காலி முதலில் நம் ஊர்ப் பக்கம்தான் வந்து இறங்கியது. 1833ஆம் ஆண்டு சாசனச் சட்டம், கவர்னர் ஜெனரலின் ஆலோசனை சபையில் சட்டத்துக்கென நான்காவதாக ஓர் உறுப்பினரைச் சேர்த்தது. அவர் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியராக இருக்கக் கூடாது. சட்டம் இயற்றும் கூட்டங்களில் மட்டுமே அவருக்கு இடமும் வாக்கும். நிர்வாகத்தில் வாக்கு இல்லை. ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுண்டு சம்பளத்தில் அந்தப் பதவிக்கு வந்தவர் மெக்காலே. 1834 ஜூனில் சென்னையில் கரையிறங்கினார். கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் அப்போது உடல்நலத்துக்காக உதகமண்டலத்தில் தங்கியிருந்ததால், மைசூர் வழியாகப் பல்லக்கில் நீலகிரிக்குப் போய்ச் சேர்ந்தார். கல்கத்தாவுக்குப் போகும் முன்பே, நீலகிரி மழையில் அவருடைய வேலை தொடங்கிவிட்டது. அவர் தலைமையில் அமைந்த முதல் சட்ட ஆணையத்தில் சென்னை மாகாணத்தின் சார்பில் மெக்லியோட் என்ற சிவில் அதிகாரி இருந்தார். தண்டனைச் சட்ட வரைவு 1837இல் தயாரானது. சட்டமானது 1860இல், நடைமுறைக்கு வந்தது 1862 ஜனவரி முதல் நாள்.

இந்தியர்களைப் பற்றி மெக்காலே எழுதியதை நான் மன்னிப்பதில்லை. ஆனால் ஆளுகிறவர் குழுவில், அந்தக் குழுவுக்குச் சேவகம் செய்யாத ஒரு வழக்கறிஞர் உட்கார வேண்டும் என்ற ஏற்பாடு சரியானது. 1853இல் சட்ட உறுப்பினருக்கு முழு உறுப்பினர் தகுதி கிடைத்தது. 1909இல் எஸ். பி. சின்கா அந்த இடத்தில் அமர்ந்த முதல் இந்தியரானார்.

உறுப்பினர் இருந்தாரே தவிர அவருக்கென்று தனி அலுவலகம் இல்லை. சட்டம் எழுதும் வேலையை உள்துறைதான் பார்த்துக்கொண்டது. போலீஸ், சிறை, ஒழுங்கு எல்லாம் இருந்த அதே கூட்டுக் குடும்பம். 1869இல்தான் சட்டமியற்றும் துறை தனிக்குடித்தனம் போனது. போன இடத்திலும் ஒரு கோளாறு. மத்திய சட்டசபையின் செயலகமாகவும் அதே துறைதான் இயங்கியது. அரசின் மசோதாவை எழுதுபவர்களே அதை விவாதிக்கும் சபையின் அலுவலையும் நடத்தினார்கள். சபைத் தலைவர் வித்தல்பாய் படேல் இதை விடாப்பிடியாக எதிர்த்தார். 1929 ஜனவரியில் சபைக்குத் தனிச் செயலகம் கிடைத்தது. நாடாளுமன்ற வரலாற்றில் இதற்குரிய இடத்தை நாம் தரவில்லை.

சுதந்திர இந்தியாவின் முதல் சட்ட அமைச்சர் அம்பேத்கர். இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை நிறைவேற்ற விடாமல் இழுத்தடித்ததால் 1951 செப்டம்பரில் பதவி விலகினார். அவர் காலத்துக்குப் பின் அமைச்சகம் வளர்ந்து கிளைவிட்டது. சட்டமியற்றும் துறை எல்லா அமைச்சகங்களின் மசோதாக்களையும் எழுதித் தருகிறது. தேர்தல் சட்டங்களும் அதன் பொறுப்பில். சட்ட விவகாரத் துறை ஆலோசனை சொல்கிறது, வழக்கு நடத்துகிறது. 1941இல் தொடங்கிய வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அதன் கீழ்தான். சாதாரண மனிதர் இந்தத் துறையைத் தொடுவது பாரிமுனையில். அங்கே சின்ன மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் நோட்டரிகளில் பலர், 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தத் துறை நியமித்தவர்கள். பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, வட்ட முத்திரையை அழுத்துகிறார்களே, அந்த முத்திரையின் வேர் டெல்லியில் இருக்கிறது.

இவர்களுக்கெல்லாம் மேலே அட்டர்னி ஜெனரல். அரசியல் சட்டத்தின் 76ஆம் பிரிவு அவரை நியமிக்கச் சொல்கிறது. 88ஆம் பிரிவு நாடாளுமன்றத்தில் பேசும் உரிமையைத் தந்து வாக்கை மறுக்கிறது. முதல் அட்டர்னி ஜெனரல் எம். சி. சீதல்வாட். முந்த்ரா விவகாரத்தை விசாரித்த சாக்ளா ஆணையத்துக்கு 1958இல் உதவியவர் அவர்தான். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் எப்படிப் போனது என்று, அரசின் தலைமை வழக்கறிஞரே அரசின் அதிகாரிகளையும் அமைச்சரையும் பொதுமக்கள் முன்னிலையில் கேள்வி கேட்டார். நம் சென்னைக்காரரான நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலக நேர்ந்தது. டி.டி.கே. மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் அந்த விசாரணையை, அரசுத் தரப்பில் நிற்கும் ஒவ்வொரு இளம் வக்கீலும் படிக்க வேண்டும் என்பேன்.

அதே பதவி நெருக்கடிநிலைக் காலத்தில் வேறு விதமாகப் பேசியது. ஒரு காவலர் சட்டவிரோதமாக ஒருவரைக் கொன்றாலும் நீதிமன்றம் தலையிட முடியாதா என்று உச்ச நீதிமன்ற நீதிபதி கன்னா கேட்டபோது, அட்டர்னி ஜெனரல் நிரேன் டே முடியாது என்ற பொருளில்தான் பதில் சொன்னார். நெருக்கடிநிலை அறிவித்த உடனே கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல் பதவியை உதறியவர் ஃபாலி நரிமன். நாற்காலி ஒன்றுதான், அதில் உட்காருகிறவரின் முதுகெலும்பு வேறு.

தனி மனிதரின் முதுகெலும்பை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதால்தான் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. நீதிபதிகளின் நியமனம், இடமாற்றம், சம்பளம், ஓய்வூதியம் ஆகியவற்றைப் பார்ப்பது மத்திய அரசின் நீதித் துறை. 2009 வரை அதன் செயலாளர் யார் தெரியுமா? உள்துறைச் செயலாளர். தடுப்புக் காவல் ஆணைகளைக் காப்பாற்ற வேண்டிய அதே அதிகாரிதான், அவற்றை ரத்து செய்யக்கூடிய நீதிபதிகளின் கோப்பையும் கையில் வைத்திருந்தார். ஆட்கொணர்வு மனுக்களில் வாதாடியவர்களுக்கு இதன் கனம் புரியும். சட்டமியற்றும் துறை பிரிந்து சுமார் 140 ஆண்டுகள் கழித்துத்தான் நீதித் துறைக்குத் தனிச் செயலாளர் வந்தார்.

அதற்குள் நியமன அதிகாரமே கைமாறியிருந்தது. 1981இல் இறுதிச் சொல் அரசுக்கு என்றது உச்ச நீதிமன்றம். 1993இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதைத் திருப்பியது, நீதிபதிகளை நீதிபதிகளே தேர்ந்தெடுக்கும் கொலீஜியம் பிறந்தது. அதை மாற்ற வந்த நீதிபதிகள் நியமன ஆணையச் சட்டம் 2015 அக்டோபரில் செல்லாததாகியது. இப்போது சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒருவர் பெயரைத் தலைமை நீதிபதி மூத்த நீதிபதிகள் இருவருடன் கலந்து அனுப்பினால், அது முதலமைச்சர், ஆளுநர் வழியாக நீதித் துறைக்கு வருகிறது. அங்கிருந்து உச்ச நீதிமன்றக் கொலீஜியம், திரும்பவும் துறை, பிரதமர், குடியரசுத் தலைவர். ஒப்புதல் கிடைத்ததும் அறிவிக்கை வெளியிடுவது நீதித் துறை.

பிரிவினை இன்னும் முழுமையாகவில்லை. குற்றவியல் சட்டங்கள் உள்துறையின் பொறுப்பிலேயே இருக்கின்றன. மெக்காலே வரைந்த தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நியாய சன்ஹிதாவின் மசோதாவை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தவர் உள்துறை அமைச்சர், சட்ட அமைச்சர் அல்ல. நீதிபதியாகப் பரிந்துரைக்கப்பட்டவரைப் பற்றி நீதித் துறை கேட்டுப் பெறும் அறிக்கையும் உள்துறையின் கீழ் இயங்கும் உளவுப் பிரிவிலிருந்துதான் வருகிறது. அந்த அறிக்கையில் தனக்கு எதிராக என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து மறுமொழி தரும் உரிமை பரிந்துரைக்கப்பட்டவருக்கு வேண்டும். நோட் ஷீட்டின் அடுத்த பக்கத்தில் அந்த மறுமொழியையும் சேர்த்துக் கட்டிய பிறகுதான் கோப்பு மேலே போக வேண்டும்.