தோல் கறுத்த பிறகு

இந்த வாழைப்பழத்துக்குத் தாயும் அதுவே, பாட்டியும் அதுவே. தேனி மாவட்டம் சின்னமனூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் நிற்கிற ஜி-9 வாழையும், மகாராஷ்டிரத்தின் ஜல்கானில் நிற்கிற ஜி-9 வாழையும் ஒரே செடியின் நகல்கள். பூவில் மகரந்தம் சேராமலே காய் பருத்துவிடும். உள்ளே விதை இருந்திருக்க வேண்டிய இடத்தில் முளைக்காத கரும்புள்ளிகள் மட்டும்தான். கிழங்கிலிருந்து கன்று, அந்தக் கன்றின் கிழங்கிலிருந்து இன்னொரு கன்று என்றே வம்சம் நகர்ந்து வந்திருக்கிறது. இப்போது அந்தக் கன்றையும் ஆய்வகத்தில் திசு வளர்ப்பு முறையில் ஆயிரக்கணக்கில் எடுக்கிறார்கள்.

கடையில் பச்சைப்பழம், மோரீஸ், ரோபஸ்டா என்று நாம் கேட்டு வாங்குபவை, இந்த ஜி-9 போலவே, கேவண்டிஷ் குடும்பத்துப் பழங்கள். மொரீஷியஸ் வழியாக இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்த ஒரு கன்றைச் சாட்ஸ்வொர்த் மாளிகையின் கண்ணாடி வீட்டில் ஜோசப் பாக்ஸ்டன் என்ற தோட்டக்காரர் வளர்த்தார். 1835 நவம்பரில் அது பூத்தது. மாளிகைக்குச் சொந்தக்காரரான பிரபுவின் குடும்பப் பெயர் கேவண்டிஷ். அந்தப் பெயர் வாழைக்கும் ஒட்டிக்கொண்டது. ஆனாலும் 1950கள் வரை உலகச் சந்தையை ஆண்டது குரோ மிஷெல் என்ற வேறொரு வாழை. 1930களில் அமெரிக்கச் சமையல் நூல்களில் வாழைப்பழ ரொட்டி இடம்பிடித்தபோது வீடுகளில் மசிக்கப்பட்டது அந்தப் பழம்தான். பொருளாதாரம் சரிந்திருந்த காலம். சமையல் சோடாவும் பேக்கிங் பவுடரும் மலிவாகக் கிடைத்தன. கனிந்த பழத்தை எறிய மனம் வரவில்லை. பிறகு பனாமா வாடல் நோய் குரோ மிஷெல் தோட்டங்களை அழிக்க, 1950களிலும் 60களிலும் அந்த இடத்துக்குக் கேவண்டிஷ் வந்தது. செய்முறை அப்படியே நிற்க, கிண்ணத்துக்குள் இருந்த பழம் மாறிவிட்டது.

சின்னமனூர் இருக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்குத் திரும்புவோம். 1895 முதல் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாய்கிற மண் இது. ஆறடிக்கு ஆறடி இடைவெளியில் நட்ட கன்று ஏழெட்டு மாதத்தில் பூத் தள்ளும். சீப்புகள் எல்லாம் வெளிவந்ததும் நுனியில் தொங்கும் பூவை ஒடித்துவிடுவார்கள். சத்து வீணாகப் பூவுக்குப் போகக் கூடாது. தார் கனக்கக் கனக்க மரம் சாயும், காற்றுக்கு முறியும்; அதனால் கம்பு கொடுத்து முட்டுக் கட்டவேண்டும். இன்னும் மூன்று, மூன்றரை மாதம். காயின் விளிம்புக் கோணங்கள் மழுங்கி, உடம்பு உருண்டு வரும்போது பச்சையாகவே தாரை வெட்டுகிறார்கள். நன்றாக விளைந்தால் ஒரு தார் 25 முதல் 30 கிலோ. மரத்திலேயே பழுக்க விட்டால் காய் வெடிக்கும், அணிலும் வௌவாலும் முந்திக்கொள்ளும், லாரிப் பயணத்தையும் தாங்காது.

சென்னைக்குச் சுமார் 500 கிலோமீட்டர். இடையில் வாழைச்சருகுதான் மெத்தை. இருந்தும் தார் தாரோடு உரசிய இடத்தில் காயம் படும். இரண்டு வாரம் கழித்து நம் வீட்டுக் கூடையில் முதலில் கறுக்கப்போகிற இடம் பெரும்பாலும் இந்த லாரியிலேயே முடிவாகிவிடுகிறது.

இனி நடப்பதுதான் இந்தப் பயணத்தின் மையம் என்பேன். வெட்டிய காயும் மூச்சு விடுகிறது. எத்திலீன் என்ற வாயுவை அதுவே சிறிதளவு உண்டாக்கும்; அந்த வாயு பட்டதும் பழுக்கத் தொடங்கும்; பழுக்கப் பழுக்க இன்னும் அதிகமாக எத்திலீன் வரும். ஒரு காய் பழுத்தால் பக்கத்துக் காயும் பழுப்பது இதனால்தான். அந்தக் காலத்து மண்டிகளில் அறையை மூடிப் புகை போட்டார்கள். புகையிலும் எத்திலீன் உண்டு. இன்றைய பழுக்கவைக்கும் அறைகளில் 16 முதல் 18 டிகிரி குளிரில், ஈரப்பதம் குறையாமல் பார்த்துக்கொண்டு, அளவாக எத்திலீன் செலுத்துகிறார்கள். 100 பிபிஎம் வரை சட்டம் அனுமதிக்கிறது. கால்சியம் கார்பைடு கல் தடைசெய்யப்பட்டது. அதில் ஆர்செனிக், பாஸ்பரஸ் மாசு கலந்திருக்கக்கூடும் என்பது முதல் காரணம். சமையல்காரருக்கு இன்னொரு காரணமும் உண்டு: கல் வைத்த பழத்தில் தோல் மட்டும் அவசரமாக மஞ்சளாகும், உள்ளே மாவுத்தன்மை நீங்காமலே கிடக்கும். அதை எத்தனை நாள் வைத்திருந்தாலும் நல்ல பணியாரத்துக்கு உதவும் பழமாக அது கனியாது.

பச்சைக் காயின் சதையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து. நன்கு கனிந்த பழத்தில் அது ஒன்றிரண்டு சதவீதமாகச் சுருங்கிவிடும். மீதியில் பெரும்பகுதியைப் பழத்தின் நொதிகள் சர்க்கரையாக வெட்டிப் போட்டிருக்கின்றன. கூடவே பெக்டின் கரைந்து சதை நெகிழ்கிறது. பச்சையம் சிதைந்து அடியில் இருந்த மஞ்சள் தெரிகிறது. வாழைப்பழ வாசனை என்று நாம் அறிந்த மணம் அதற்குப் பிறகே எழும். தோலில் விழும் புள்ளிகள், நறுக்கிய கத்தரிக்காய் கறுப்பதைப் போன்ற ஆக்ஸிஜன் வேலை. அழுகலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 13 டிகிரிக்குக் கீழே போனாலும் தோல் கறுத்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்த பழம் கரிக்கட்டையாய்த் தெரிந்தாலும் உள்ளே சதை நாலைந்து நாளுக்கு நன்றாகவே இருக்கும்.

பெரும்பாலான மாவுச்சத்து, தோலில் புள்ளி நிறைய விழும் கட்டத்திலேயே சர்க்கரையாகி முடிந்துவிடுகிறது. அதன்பின் முழுக்கக் கறுக்கும்வரை காத்திருந்தால் மணமும் நெகிழ்வும் கூடும். இனிப்பு பெரிதாகக் கூடாது. கரும்புள்ளிப் பழம் புற்றுநோயைத் தடுக்கும் என்று கைப்பேசிகளில் சுற்றும் செய்திக்கு மனிதர்களிடம் நிரூபித்த சான்று இல்லை. அதை நம்பி ஒரு பழம்கூட அதிகம் சாப்பிடத் தேவையில்லை.

கடைக்காரர் படும் பாட்டைப் பாருங்கள். பதினோரு மாதம் தண்ணீரும் உரமும் கூலியும் குடித்து வளர்ந்த தார், கடைக் கயிற்றில் மஞ்சளாய்த் தொங்கும் இரண்டு மூன்று நாளில் விற்றாக வேண்டும். புள்ளி விழுந்தால் விலை பாதி. வாங்குபவர் சீப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போகிறார். நான் புள்ளி விழுந்த சீப்பைக் கேட்டு வாங்குகிறவன். சமையலுக்கு அதுதான் சரியான சரக்கு என்பதுதான் காரணம், இரக்கமல்ல.

கனிந்த பழத்தைக் காப்பாற்றும் வித்தை நமக்கு வெளியிலிருந்து வந்ததில்லை. பழனிப் பஞ்சாமிர்தத்தில் விருப்பாச்சி மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காய் சேருகின்றன. ஒரு சொட்டுத் தண்ணீர் சேராது. சர்க்கரையின் அடர்த்தியே கிருமிகளை அண்டவிடாமல் பார்த்துக்கொள்கிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்றது அது. கன்னியாகுமரியில் ஏத்தன் என்கிற நேந்திரம் பழத்தை மாவில் தோய்த்துப் பொரிப்பார்கள், கேரளத்தில் உண்ணியப்பத்தில் பழம் விழும், மங்களூரில் கனிந்த பழத்தோடு மைதாவும் தயிரும் பிசைந்து இரவெல்லாம் வைத்துப் பொரித்து ‘பன்ஸ்’ என்பார்கள். ருசியில் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை எண்ணெயில் மூழ்கி எழுபவை, அல்லது வெல்லத்தில் ஊறியவை. அன்றாடம் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்குக் கொடுக்க வேறு வழி வேண்டும்.

‘சர்க்கரை சேர்க்காத கேக்’ என்று சொல்லி விற்பதையும் எழுதுவதையும் நான் ஏற்பதில்லை. பழத்தில் இருப்பதும் சர்க்கரைதான். 100 கிராம் சதையில் ஏறத்தாழ 12 கிராம் சர்க்கரை, 2.6 கிராம் நார்ச்சத்து. பச்சைக் காயில் பெருங்குடல் வரை செரிக்காமல் போகும் மாவுச்சத்து நிறைய உண்டு. கனிந்ததும் அது கிட்டத்தட்ட காலி. எனவே நீரிழிவு உள்ளவர்களுக்குக் கறுத்த பழம் மஞ்சள் பழத்தைவிட நல்லதாகிவிடாது. அளவு பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். ஆதாயம் வேறு இடத்தில் இருக்கிறது. சாதாரண கேக்கில் 200 கிராம் மைதாவுக்கு அதே எடைச் சர்க்கரையைக் கொட்டுவார்கள். மூன்று பழம், அதாவது 300 கிராம் சதை சேர்த்தால் அதிலேயே 36 கிராம் இனிப்பு வந்துவிடும். மேலே 50 கிராம் நாட்டுச் சர்க்கரை போட்டால் நாக்கு குறை சொல்லாது. மொத்தமும் பாதிக்குக் கீழே. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் வெல்லம் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது, அது மணத்துக்காக. உடம்புக்கு நன்மை செய்வது போடாமல் விட்ட 150 கிராம்தான்.

மைதாவின் இடத்தில் கோதுமை மாவு போட்டால் தவிடு தண்ணீரை இழுக்கும். இங்கே பழத்தின் ஈரம் கைகொடுக்கிறது. வறண்டு போகிற கோதுமை கேக்கை மெத்தென்று வைத்திருப்பது அந்தச் சதைதான். அதே துணிவில் வெண்ணெயை அறவே விட்டுவிடச் சொல்கிறார்கள். பாதியைக் குறைக்கலாம். முழுக்க எடுத்தால் மாவின் பசைத்தன்மையைத் தடுக்க ஆளில்லாமல் கேக் ரப்பராகிவிடும். மாவைச் சேர்த்த பிறகு கிளறுவதிலும் நிதானம் வேண்டும்: உலர்ந்த மாவு கண்ணில் படாமல் போனதும் கரண்டியை வைத்துவிட வேண்டும். சமையல் சோடா அரைத் தேக்கரண்டி போதும். அது பொங்கப் புளிப்பு வேண்டும். பச்சைப்பழத்தில் புளிப்பு குறைவு என்பதால் அரைக் கோப்பைத் தயிர் சேர்க்கவேண்டும். ஓவன் இல்லையென்றால் குக்கரில் காஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் உப்புப் பரப்பி, பத்து நிமிடம் சூடேற்றி, உள்ளே ஒரு தட்டை வைத்து அதன்மேல் பாத்திரத்தை இறக்கலாம். சிறுதீயில் முக்கால் மணி நேரம் பிடிக்கும்.

வெளிநாட்டுச் செய்முறைகள் வாழைப்பழம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போகும். அவர்கள் கடையில் பெரும்பாலும் ஒரே வகைதான். நமக்கு அப்படியில்லை. பூவனில் புளிப்பு உண்டு, தயிர் இல்லாமலே சோடா வேலை செய்யும். கற்பூரவள்ளி இனிப்பின் உச்சம். அது போட்டால் நாட்டுச் சர்க்கரையை இன்னும் பாதியாக்கலாம். ரஸ்தாளியை நான் மசிப்பதில்லை. சதையில் சில சமயம் கல் விழுந்திருக்கும், தவிர அதன் மணம் பச்சையாகச் சாப்பிடும்போதுதான் முழுசாகக் கிடைக்கும். நேந்திரம் கனிந்து கறுத்தாலும் கட்டுக்கோப்பு விடாது. ஆவியில் வேகவைத்துத் தேங்காய்த் துருவலோடு கொடுங்கள், வேறு எதுவும் வேண்டாம்.

என்னைக் கேட்டால், கறுத்த பச்சைப்பழம் சென்றுசேர வேண்டிய இடம் பணியாரக் கல். இரண்டு பழத்தைக் கையால் பிசைந்து, ஒரு கோப்பை கோதுமை மாவும் கால் கோப்பை அரிசி மாவும் போட்டு, கரைத்து வடிகட்டிய வெல்லத் தண்ணீர் கொஞ்சம் ஊற்றி, ஏலம், சுக்கு, நெய்யில் வறுத்த தேங்காய்ப் பல், ஒரு சிட்டிகை சோடா. மாவு தோசைமாவைவிடக் கெட்டியாக இருக்கட்டும். அரை மணி நேரம் ஊறினால் கோதுமை ஈரத்தை வாங்கிக்கொள்ளும். குழிக்குச் சில சொட்டு நல்லெண்ணெய் போதும். இதே மாவை எண்ணெயில் பொரித்தால் எவ்வளவு குடிக்கும் என்பது பொரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தீ குறைவாக இருக்க வேண்டும். பழச் சர்க்கரை சீக்கிரம் நிறம் ஏறும். வெளியே சிவந்ததை நம்பி எடுத்தால் உள்ளே மாவாக நிற்கும். மூடி போட்டு வேகவிட்டு, கம்பியால் திருப்பி, மறுபக்கம் மூடாமல் விட்டால் ஓரம் மொறுமொறுப்பாகும்.

எந்தப் பழத்தைத் தொடக்கூடாது என்பதும் தெரிய வேண்டும். காம்பில் பூஞ்சணம், தோல் கிழிந்து கசிவு, சாராய நெடி: இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் உரக்குழிக்குத்தான். நல்ல பழத்தின் தோலையும் நறுக்கி அங்கேயே போடலாம்.

பழம் சேர்த்த பலகாரத்தில் ஈரம் அதிகம் என்பதால் பணியாரம் அன்றைக்கே தீர்வது நல்லது. கேக் வெளியே இரண்டு நாள், மழைக்காலத்தில் ஒரே நாள். செய்ய நேரமில்லாமல் பழம் மட்டும் கனிந்துகொண்டே போனால் தோலை உரித்து, வட்டமாக நறுக்கி, டப்பாவில் போட்டு ஃபிரீஸரில் வைத்துவிடுங்கள். தோலோடு வைத்தால் பிறகு உரிப்பது பெரும்பாடு. இரண்டு மாதம் தாங்கும். வெளியே எடுத்து இளகியதும் நீர் விட்டிருக்கும். அதைக் கொட்டாமல் மாவிலேயே சேர்த்துவிட வேண்டும், இனிப்பு அதிலும் இருக்கிறது. ஒரு டப்பாவுக்கு இரண்டு பழம் என்று கணக்காகப் போட்டு வைத்தால் ஒவ்வொரு டப்பாவும் ஒருவேளைப் பணியாரத்துக்குச் சரியாக இருக்கும்.