நாஞ்சில் நாட்டில் குடிக்கூலியும் ஒற்றியும்



மனைவி, மக்கள், சுற்றம், விருந்து என்னும் இல்லறத்தின் உறுப்புக்கள் யாவும் தங்குதற்கு ஓரிடம் வேண்டும். அவ்விடத்தை முன்னோர் ‘இல்’ என்றனர். இல்லாள், இல்லறம் என்னும் சொற்களும் அதன் வழிப் பிறந்தனவே. ஆயின் சொந்த இல் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. பிறர் இல்லத்திற் கூலி கொடுத்து வாழ்வார் இந்நாளில் நம்முட் பலர். தம் இல்லத்தைக் கூலிக்கு விட்டு அவ்வருவாயால் முதுமையைக் கழிப்பாரும் பலர். இவ்விரு திறத்தார்க்கும் பயன்படுமாறு, நாஞ்சில் நாட்டிற் குடிக்கூலி வளர்ந்த வரலாற்றைச் சுருக்கி எழுதப் புகுந்தோம்.

முதற்கண் சொற்களை நோக்குவோம். பிறர்க்குரிய இடத்தில் ஒதுங்கியிருத்தலைக் குறிக்கும் ‘துச்சில்’ என்னுஞ் சொல் திருக்குறளின் நிலையாமை அதிகாரத்தில் ஆளப்பட்டுள்ளது. உயிர் உடம்பினுள் இருக்கும் நிலையைச் சொல்ல வந்த ஆசிரியர்க்குப் பிறர் மனையில் ஒதுங்கியிருப்பார் நிலையே நினைவுக்கு வந்தது. ‘குடிக்கூலி’ என்பது வீட்டுக்குக் கொடுக்கும் கூலிக்கு நம் பெரியோர் வழங்கிய தமிழ்ச் சொல். ‘வாடகை’ என்பது ‘பாடக’ என்னும் வடசொல்லின் வழி வந்தது. ‘ஒற்றி’ என்பதோ, கடனுக்கு ஈடாக நிலத்தையோ வீட்டையோ கடன் கொடுத்தான் அனுபவத்தில் விடுதலாம். இச்சொல் மலையாளத்திலும் இப்பொருளிலேயே வழங்குகிறது. நம் ஊர்ப் பேச்சில் இது ‘ஒத்தி’ எனத் திரிந்தது.

இனி வரலாறு. நாகர்கோவிலின் ஒரு பகுதியாகிவிட்ட கோட்டாறு பழம்பெரும் வணிகப் பதி. கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான தாலமி குறித்த ‘கோட்டியாரா’ இவ்வூரே என்பது அறிஞர் துணிபு. சோழர் காலத்தில் இது மும்முடிச்சோழநல்லூர் எனப் பெயர் பெற்றதோடு, சோழரின் நிலைப்படை இருந்த இடமாகவும் விளங்கியது. வணிகரும் படைஞரும் வந்து தங்கிய ஊராயினும், உள்ளூர்க் குடிகளுக்குக் குடிக்கூலி என்பது பெரிதும் வேண்டப்படாத பொருளாகவே இருந்திருத்தல் வேண்டும். நிலம் இருந்த இடத்தில் வீடு இருந்தது. வீடு இருந்த இடத்தில் குடும்பம் இருந்தது.

நாஞ்சில் நாட்டு வேளாளரிடை வழங்கிய மருமக்கள்வழி முறையும் இதற்கு ஒரு காரணமாம். அம்முறையில் சொத்து குடும்பம் முழுமைக்கும் பொது. காரணவர் அதனை ஆள்வார். படிப்புரையும் முற்றமும் அறைப்புரையும் உடைய பெருவீட்டிற் பல தலைமுறையினர் ஒருங்கே வாழ்ந்தனர். அவ்வாழ்வின் அல்லல்களைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்கள் நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியத்தில் நகைச்சுவையொடு காட்டியுள்ளார்கள். 1926ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசு இயற்றிய நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் குடும்பச் சொத்தைப் பங்கிடவும், மனைவி மக்கள் உரிமை பெறவும் வழி செய்தது. நீதி பிறந்தது, உடன் வீட்டின் நடுவே சுவரும் பிறந்தது. ஒரு முற்றத்தில் இரண்டு அடுக்களை புகை விட்டன. பங்கு பெற்றார் வேற்றூர் சென்றால், அப்பங்கு குடிக்கூலிக்கு விடும் ‘போர்ஷன்’ ஆயிற்று.

வாடகைக்கு வீடு தேடுவார் தொகை முன்னரே பெருகத் தொடங்கியிருந்தது. 1818ஆம் ஆண்டில் மீட் பாதிரியார் இலண்டன் மிஷனின் தலைமையிடத்தை மயிலாடியிலிருந்து நாகர்கோவிலுக்கு மாற்றினார். அடுத்த ஆண்டு அங்கே செமினரி எழுந்தது. 1893ஆம் ஆண்டில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியும், 1952ஆம் ஆண்டில் தெ.தி. இந்துக் கல்லூரியும் தோன்றின. ஆசிரியர், மாணவர், வழக்கறிஞர், எழுத்தர் என நிலத்தைச் சாராது ஊதியத்தைச் சார்ந்த ஒரு வகுப்பார் வந்து குடியேறினர். இவர்களே நம் நகரத்து முதல் வாடகைக் குடிகள் எனலாம்.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களும் தமிழகத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நாகர்கோவில் அதன் தலைநகராயிற்று. பிற மாவட்டங்களினின்று அலுவலர் மாற்றலாகி வந்தனர். 1979ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தினின்றும், 1981ஆம் ஆண்டில் திருநெல்வேலியினின்றும் இருப்புப்பாதை வந்தது. 2001ஆம் ஆண்டில் ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கிற்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கில் நகர மக்கள் 2,24,849. 2019ஆம் ஆண்டில் நகராட்சி மாநகராட்சியாயிற்று. இவற்றிடையே நம் இளைஞர் வளைகுடா நாடுகளுக்கும் பிற தேயங்களுக்கும் சென்று பொருளீட்டி அனுப்பினர். நெல் விளைந்த வயல்கள் சென்ட் கணக்கில் மனைகளாயின. மாடி வீடுகள் எழுந்தன. அவற்றுட் பல பூட்டிக் கிடக்கின்றன. ஒரு தெருவிலே வீடு தேடி அலைவாரும், ஆளில்லா வீடும் ஒருங்கே இருக்கும் விந்தையை இன்று காண்கின்றோம்.

வாடகையைச் சட்டத்தால் அடக்கும் முறை ஐரோப்பாவின் முதற் பெரும்போரில் வலுப்பெற்றது. 1915ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில், ஆடவர் போருக்கும் ஆலைக்கும் சென்றிருக்க, வீட்டுடையார் வாடகையை உயர்த்தினர். மேரி பார்பர் என்னும் அம்மையார் முதலிய பெண்டிர் திரண்டு வாடகை கொடோம் என மறுத்தனர். அவ்வாண்டிலேயே பிரிட்டிஷ் பார்லிமெண்டு வாடகையை உயர்த்தாவண்ணம் சட்டம் செய்தது. பம்பாயில் 1918ஆம் ஆண்டில் அத்தகைய சட்டம் வந்தது. சென்னை மாகாணம் 1946, 1949ஆம் ஆண்டுகளிலும், பின்னர் சென்னை மாநிலம் 1960ஆம் ஆண்டிலும் சட்டம் இயற்றிற்று.

1960ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருப்பாரைப் பெரிதும் காத்தது. நியாய வாடகையை அதிகாரி வரையறுக்கலாம். குறித்த காரணமின்றிக் குடியை எழுப்புதல் இயலாது. முன்பணம் ஒரு திங்கள் வாடகைக்கு மேற் பெறலாகாது. ஏட்டில் இவ்வாறிருக்க, சென்னையில் பத்துத் திங்கள் வாடகையை முன்பணமாகக் கேட்கும் வழக்கம் ஊன்றிற்று. குடியை எழுப்புவதற்கு அஞ்சிய உடையார் வீட்டைப் பூட்டி வைத்தனர். வழக்குகள் பல்லாண்டுகள் நீண்டன. 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் பழையதை நீக்கிற்று. இதன்படி வாடகை இருவர் உடன்பாட்டால் அமைவது. உடன்பாடு எழுத்தில் இருத்தல் வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதியப்படல் வேண்டும். முன்பணம் பொதுவாக மூன்று திங்கள் வாடகையை மிகலாகாது. குடியை எழுப்பும் பொருட்டு நீரையும் மின்சாரத்தையும் தடுத்தல் கூடாது. இவ்வைந்தையும் உடையாரும் குடியும் ஒருங்கே அறிந்திருத்தல் நலம்.

இனி ஒற்றிக்கு வருவோம். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது இதுவே. ஒரு பெருந்தொகையை வீட்டுடையாரிடம் கொடுத்துவிட்டு வாடகையின்றிக் குடியிருந்து, தவணை முடிந்தபின் அத்தொகையை அவ்வாறே திரும்பப் பெறுதல் ஒற்றி. இதில் இருவர்க்கும் ஊதியம் எங்ஙனம் என்பதைக் கணக்கால் காண்போம். ஒருவர் 5,00,000 ரூபாய் கொடுத்தார் எனக் கொள்க. அத்தொகையை 6 விழுக்காட்டு வட்டிக்கு வங்கியில் வைத்தால் அவர்க்குத் திங்களுக்கு 2,500 ரூபாய் கிடைக்கும். அவ்வீட்டின் வாடகை 4,000 ரூபாயாயின், ஒற்றியால் அவர்க்கு 1,500 ரூபாய் மிச்சம். வீட்டுடையார் அத்தொகையை வெளியில் 12 விழுக்காட்டு வட்டிக்கு வாங்குவதாயின் திங்களுக்கு 5,000 ரூபாய் வட்டி கட்ட வேண்டும். 4,000 ரூபாய் வாடகையை இழந்தும் அவர்க்கு 1,000 ரூபாய் மிச்சம். ஆதலின் சேமிப்புடைய குடியும் கடனுடைய உடையாரும் சந்திக்கும் இடமே ஒற்றி என்க. அதன் நன்மையும் இதுவே, தீமையும் இதுவே. கடனுடையார் கையிலன்றோ நம் சேமிப்பு தங்குகிறது! தொகையைச் செலவிட்ட உடையார், பழைய குடிக்குத் திருப்பிக் கொடுக்கப் புதிய குடியின் பணத்தை எதிர்நோக்கி நிற்பார். புதிய குடி வாராவிடின் பழைய குடியின் கதி யாது?

கொரிய நாட்டிலும் ‘ஜொன்சே’ என்னும் பெயரால் இம்முறை வழங்குகிறது. அண்மை ஆண்டுகளில் அங்கே இவ்வாறு கொடுத்த தொகையை இளைஞர் பலர் இழந்தனர். சிலர் உயிரையும் மாய்த்துக்கொண்டனர். 2023ஆம் ஆண்டில் அவர்கட்கெனத் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது.

கொரியாவரை செல்வானேன்? எம்முடன் பணிபுரிந்த ஆசிரியர் ஒருவர், மகள் திருமணத்திற்கெனச் சேர்த்த பொருளை ஒற்றியாகக் கொடுத்து ஒரு வீட்டிற் குடிபுகுந்தார். ஒப்பந்தத்தை எழுதியபின், ‘பண்டிதரே, ஒருமுறை பார்த்துத் தாரும்’ என்று எம்மிடம் கொண்டுவந்தார். யாமும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு ஒற்றுப்பிழையும் ஒரு பன்மைப் பிழையும் திருத்திக் கொடுத்தேம். அது பதிவு செய்யப்பட்டதா என்று கேட்டிலேம். வீட்டின் மூலப்பத்திரம் எங்கே என்றும் கேட்டிலேம். ஐந்தாம் திங்களில் ஒரு வங்கியின் அறிவிப்பு வாயிற்கதவில் ஒட்டப்பட்டது. மூலப்பத்திரம் முன்பே வங்கியில் ஈடாகக் கிடந்தது. முந்திய ஈடு முந்தி நிற்கும் என்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் நெறி. பதியப்படாத எம் நண்பர் தாள் வீட்டின்மேல் எவ்வுரிமையையும் தரவில்லை. திருமணம் தள்ளிப்போயிற்று. எம் இலக்கணம் அக்குடும்பத்திற்கு ஒரு காசும் மீட்டுத் தரவில்லை என்பதை நாணத்தோடு ஈண்டு எழுதுகிறோம்.

ஆதலின் ஒற்றிக்குப் பணம் கொடுக்குமுன் நம்மவர் நான்கு செய்தல் வேண்டும். ஒன்று: சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெறுக. இரண்டு: மூலப்பத்திரத்தைக் கண்ணாற் காண்க, படியைக் கண்டு அமையற்க. மூன்று: பாகம் பிரியாத வீடாயின் பங்காளர் அனைவரும் கையெழுத்திடச் செய்க. நான்கு: 100 ரூபாயும் அதற்கு மேலும் ஆன ஒற்றி பதிவு செய்யப்படல் வேண்டும் என்பது சட்டமாதலின், செலவுக்கு அஞ்சாது பதிவு செய்க. ஒற்றி என்பது அடமானம். வாடகைச் சட்டம் அதற்குத் துணை வாராது என்பதை மறவற்க.

வீட்டுடைய அன்பர்க்கும் ஒரு சொல். வீடு கேட்டு வருவாரிடம் பெயரைக் கேட்குமுன் சாதியையும் சமயத்தையும் கேட்கும் வழக்கம் நம் தெருக்களில் இன்னும் ஒழியவில்லை. நம் மக்கள் சென்னையிலும் பெங்களூரிலும் வீடு தேடிச் செல்லுங்கால் இதே வினாவுக்கு விடை கூறி, வாயிலிலே நின்று திரும்பியதுண்டு. நம் பிள்ளைகளுக்கு நேரின் இழிவு எனக் கருதுவதை, ஆசாரிப்பள்ளத்துக்குப் பணி செய்ய வந்த பிறர் பிள்ளைக்கு நாம் செய்தல் முறையன்று. வாடகை ஒழுங்காக வருமா, வீட்டைப் பேணுவாரா என்னும் இரண்டே கேட்கத் தக்கன.

முன்னாளிற் பெருவீட்டின் சாவி காரணவர் மடியில் இருந்தது. இந்நாளில் அது நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. பூட்டிய வீடுகளைத் தக்கார்க்குத் திறந்து விடுவோமாக. கொடுக்கும் பொருளுக்குத் தக்க பத்திரம் பெறுவோமாக. குடியும் உடையாரும் ஒருவர்க்கொருவர் அரணாய் வாழ்க!